பட்டியலில் ஓராள் குறைந்த நேரம்

பெயர்: கந்தப்போடி நிருஷா. வயது: 16. தொழில்: பாடசாலை மாணவி. முகவரி: நாவற்குடாவுக்கு அருகிலுள்ள இடம்பெயர்ந்தோர் முகாம், 37ஆம் கூடாரம். சொந்த இடம் படுவான்கரை. திகதி: 31.03.2007.

நீதவான் ஐயா அவர்களுக்கு,

பொலிசார் என்னை விசாரிக்கவில்லை. ஆகவே இதை நானே, எல்லோரும் உறங்கிய பின், எழுதுகிறேன்.

முகாம் அலுவலகத்தில் சுனாமி நிவாரணத்துக்கு வந்த பழைய கணினி ஒன்று உண்டு. அதில் முகாமில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை எக்செல்லில் பதிவது என் வேலை. பெயரைச் சேர்த்தாலும் அழித்தாலும் மொத்தம் தானாக மாறும். அதன்படிதான் சமைப்பார்கள். மாறிய பின் பழைய மொத்தம் தெரியாது. ஒருநாள் சமையல் செய்யும் சின்னத்தங்கம் மாமி, "என்ன புள்ள, நேத்து எத்தின பேர் எண்டு கேட்டா ஒன்ட பெட்டி இண்டையக் கணக்கச் சொல்லுது. நேத்துத் திண்டவங்க திண்டது பொய்யோ?" என்று கேட்டார். அதன் பின்னர் நான் நாளுக்கொரு வரியில் மொத்தம் தெரியும்படி செய்தேன். மறுநாள் எல்லா வரிகளும் ஒரே எண்ணாக மாறின. அதன் பின்னர் பட்டணத்தில் கணினி வகுப்புக்குப் போன என் அண்ணன் நிதுர்ஷன், வயது 19, ஒரு கட்டளை எழுதித் தந்தார். மொத்தம் மாறும் ஒவ்வொரு தடவையும் புதிய எண்ணும் திகதியும் நேரமும் வேறொரு தாளில் அடுத்த வரியில் பதியும். பதிந்தது பிறகு மாறாது. இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

29ஆம் திகதி பின்னேரம் நான்கு மணி தொடக்கம் அண்ணன் கூடாரத்தில் என்னோடு இருந்து பிட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டார். கடைசிப் பழத்தில் பெரிய பாதியை எனக்குத் தந்தார். ஆறரைக்குக் குளிக்கப் போனார். வேலிக்கு அப்பால் வாகனம் ஒன்று நின்று புறப்பட்டது. நானும் அம்மாவும் போய்ப் பார்த்தபோது வாளியும் அவர் உடுத்த வைத்திருந்த மாற்றுச் சாரமும் கிணற்றுக்கட்டில் இருந்தன.

மறுநாள் காலை பொலிசார் வந்தனர். முகாம் பொறுப்பாளர் இளையதம்பி ஐயா, "பொடியன் தன்ட பாட்டில போயிற்றான். இண்டைக்குக் காலமதான் பேரை வெட்டினன்" என்றார். அதை எழுதிக்கொண்டு போனார்கள். அதன் பின்னர் நான் அந்தத் தாளைத் திறந்தேன். 30ஆம் திகதியில் ஒரு வரியும் இல்லை. கடைசி வரி: 29ஆம் திகதி, பிற்பகல் 4.12, 612. அதற்கு முந்தியது 613. 29ஆம் திகதி காலை அச்செடுத்த பட்டியலோடு ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டேன். அண்ணனின் பெயர் மட்டும் இல்லை. அந்த நேரம் அவர் பழத்தோலை உரித்துக்கொண்டிருந்தார். அலுவலகப் பூட்டின் திறப்பு இளையதம்பி ஐயாவிடம்தான் இருந்தது.

இளையதம்பி ஐயா பின்னால் வந்து நின்று, "என்ன மகள் பாக்கிறாய்? இது பழசெல்லாம் வச்சிருக்குமோ?" என்று கேட்டார். "இல்ல ஐயா, மாறினா மாறினதுதான்" என்றேன். அது பொய். பட்டியலை மூடி எழுந்தேன்.

இன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கணினியைத் திறந்தேன். மொத்தம் 611. பதிவான நேரம் 3.50. அப்போது நான் தண்ணீர் வரிசையில் நின்றேன். பட்டியலை மேலிருந்து பார்த்தேன். 37ஆம் கூடாரத்தில் அம்மாவின் பெயர் மட்டும் இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

விடிந்ததும் இதைச் சின்னத்தங்கம் மாமியிடம் கொடுப்பேன். இதில் உள்ளவை நான் கண்ணால் கண்டவை, எவரும் சொல்லித் தந்து எழுதியவையல்ல. இதை எழுதும்போது நான் உயிருடன், சுயநினைவுடன், முகாமுக்குள்தான் இருக்கிறேன்.

ஒப்பம்: க. நிருஷா