முப்பதைத் தொண்ணூறாக்கிய நோட்டு

முத்துப்பேச்சி, வயது 47, க/பெ. பெருமாள்சாமி, மேலக்காமன்பட்டி, நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

நான் மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருந்து, அரை ஏக்கரில் மல்லிகை வைத்துப் பிழைத்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்துள்ளேன். என் கணவருக்கு வலிப்பு நோய் உண்டு. பதினோரு வருடமாக அரசு மருத்துவமனையில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஒரே மாத்திரையைத்தான் தருகிறார்கள். டாக்டரம்மா மாதாமாதம் மருந்து நோட்டில் "ரிப்பீட், 30 நாள்" என்று எழுதுவார், எழுதும்போது என் கணவர் முகத்தைப் பார்க்கமாட்டார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டதால் சென்ற ஆவணி வரை அவருக்கு வலிப்பு வரவில்லை.

அந்த ஆவணியில் மாத்திரை தீர்ந்த அன்று சனிக்கிழமை, அரசு விடுமுறை. மறுநாள் ஞாயிறு. திங்கள் பெரிய முகூர்த்தம் என்பதால் விடியுமுன் பூப்பறித்து வேனில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு பஸ் பிடித்து, டாக்டரம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் போகும்போது மணி பன்னிரண்டைத் தாண்டி ஐந்து நிமிடம். மருந்தாளுநர் சிவபிரகாஷ் உள்ளேதான் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரம் முடிஞ்சது, நாளைக்கு வா" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். ஜன்னலைச் சாத்தினார். அன்று சாயங்காலம் என் கணவர் மோட்டார் ரூம் வாசலில் வலிப்பு வந்து விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்றுவரை உறைப்பான வெஞ்சனம் எதுவும் அவரால் வாயில் வைக்க முடியவில்லை.

அதன் பிறகு நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு மூன்று மாத மாத்திரை சேர்த்துத் தரப்படும் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டினார்கள். நான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஆவணியில் வலிப்பு வந்துவிட்டதால் என் கணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்றார். மாத்திரை கொடுக்காமல் வலிப்பை வரவைத்ததும் இவர்கள்தான், வலிப்பு வந்தவர் என்று தள்ளி வைப்பதும் இவர்கள்தான்.

நேற்று டாக்டரம்மா வழக்கம்போல் 30 என்று எழுதிக் கொடுத்தார். வராண்டாவில் வைத்து, பூ எடை எழுதுகிற பேனாவால் அந்த மூன்றின் மேல்வாயை மூடி ஒன்பதாக்கியது நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டரம்மா எழுதியது கறுப்பு மை, என் பேனா நீலம் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

சிவபிரகாஷ் நோட்டைத் தூக்கி வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டி, "ஏம்மா பூக்காரி, இதென்ன உன் எடைச்சீட்டா?" என்றார். "பதினோரு வருசமா அதே மாத்திரையத்தானய்யா தாரீக. சேத்துத் தந்தா கெட்டா போயிரும்?" என்றேன். அதற்கு அவர், "உம் புருசன் விழுந்தா நாங்களா பொறுப்பு?" என்றார். அதன் பிறகு ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பொத்தான் அறுந்தது. கழுத்தை நெரித்ததாக அவர் சொல்வது பொய், கழுத்து எனக்கு எட்டவில்லை.

அதன் பிறகு இந்தக் காவல் நிலையத்தார் வந்து, அந்த நோட்டை வழக்குக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்து வந்தார்கள். நோட்டு இல்லாமல் யாருக்கும் மாத்திரை தரமாட்டார்கள். வீட்டில் இருப்பது இன்று இரவுக்கு ஒன்று, நாளைக் காலைக்கு ஒன்று.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்த செயலுக்கு வருந்துகிறேன் என்று நான் சொல்லாத ஒரு வரி இருந்தது, அதை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். அந்த இடத்தில், நோட்டை நாளைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொன்னேன். வாக்குமூலத்தில் அப்படி எழுத இடமில்லை என்றார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னது, உண்மை.

(ஒப்பம்)
பெ. முத்துப்பேச்சி