மறிக்காத வண்டி

— காலை மடக்குங்கய்யா. போர்வைக்கு வெளிய செருப்பு தெரியுது.

— எங்கடா மடக்கறது, மரியராஜு? முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல ஒரு பூனை படுக்கலாம். பின்னால கதவும் கிடையாது, உன்ற சீட்டு மடங்கவும் மடங்காது. இங்க ஒரு மில் மேனேஜர் படுத்திருக்கறேன். இந்த லட்சணத்துல ஊருக்கெல்லாம் சின்னக் கார் குடுக்கப் போறானாமா கவர்மென்டுக்காரன். பேப்பர்ல பாத்தியா?

— பாத்தேங்கய்யா.

— கமிட்டி போடறானாமா. சைக்கிள் செயின் அறுந்தா மாத்த வக்கில்லாதவனுக்குக் கார் எதுக்குங்கறேன்? சுதந்திரம் வந்து பன்னண்டு வருசமாச்சு, வளையாத ஒரு ஆணி அடிக்கத் தெரியலை நம்மாளுக்கு. கார் செய்யறானாம், கார்!

— உங்க பெரிய வண்டி காலியா முன்கேட்டுக்குக் கிளம்பிடுச்சுங்கய்யா. டிரைவர் பசவராஜ் ஹாரன் அடிக்கிறான், கேக்குதா?

— கேக்குது. மறியல் பண்ற அத்தனை பொம்பளைகளும் அதும் பின்னாலயே ஓடட்டும். நீ பின்கேட்டுல மெல்லப் போ. எங்க வீட்டு அம்மா வண்டி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போற மாதிரி.

— பின்கேட்டுலயும் ஆளிருக்குங்கய்யா.

— இருக்கட்டுமே. அவங்களே வெச்ச ஏற்பாடு தானப்பா? மில் வண்டி எதையும் விடமாட்டாங்க, அம்மா வண்டியை மட்டும் மறிக்கமாட்டாங்க. அடுப்பெரியற வீட்டோட எங்களுக்குச் சண்டையில்லைன்னு சொன்னாங்களாமா. நல்ல மனசு. அந்த நல்ல மனசுமேலதான் படுத்துட்டுப் போறேன்.

— லேபர் ஆபீசர் இன்னிக்குக் காலையில உங்களைக் கூப்பிட்டிருக்காராமே. ரெண்டு தடவை நீங்க போகலையாம்.

— இன்னிக்கும் போகமாட்டேன். அந்தாளுக்கு மைசூர்ல இன்னிக்குத்தான் கடைசி நாள், மாத்தலாயிடுச்சு. நாளைக்கு வர்றவன் எல்லாத்தையும் முதல்லயிருந்து படிக்கோணும். அதுக்குள்ள இவங்க வீட்டுல உலை கொதிக்காது. தானா வந்து காலுல விழுவாங்க.

— அப்ப, கல்யாணமானவங்களை நிறுத்தினது நிறுத்தினதுதானாங்கய்யா?

— பின்னே? பிள்ளை பெத்தா சம்பளத்தோட லீவு குடுன்னு சட்டம் போடறான். சட்டம் போடறவனா வந்து நூல் சுத்தறான்? உன்ற அக்கா பேரும் அதுல இருக்குது, தெரியும். அவளை அப்புறம் பாத்துக்கலாம். நீ என்னைப் பெங்களூர் கொண்டுபோய்ச் சேர்த்துடு. அம்மாவுக்குப் புது வண்டி வந்ததும் இது உனக்குத்தான். டாக்ஸி ஓட்டிப் பொழைச்சுக்கோ. வாக்கு மாறமாட்டேன்.

— பேசாதீங்கய்யா. கேட் வந்துடுச்சு.

— நில்லு, நில்லு! தம்பி, நான்தான்!

— அக்கா? நீ முன்கேட்டுல இல்லையா?

— வயித்தைத் தூக்கிக்கிட்டு நான் எங்கே ஓடறது? எல்லாரும் பெரிய வண்டி பின்னால ஓடறாங்க. ஏ மல்லம்மா, பேடா, பேடா! வேணாம்! உள்ளே குனிஞ்சு பாக்காதே. நம்ம தம்பி வண்டி.

— என்னவாம் அவளுக்கு?

— அம்மா வண்டியானாலும் திறந்து பாத்துட்டுத்தான் விடணுங்கறா. என் தம்பி ஓட்டற வண்டிக்கு நான் ஜவாப்தாரி, போடின்னேன். சரி, அந்தப் பக்கத்துக் கதவைத் திற. லேபர் ஆபீஸ்ல என்னை இறக்கிவிடு. கால் ரெண்டும் வீங்கிப்போச்சு.

— இல்லக்கா... மார்க்கெட்டுக்கு நேரமாச்சு. அம்மா திட்டுவாங்க.

— முட்டைக்கோஸ் எங்கேயும் எழுந்து ஓடிடாது. தள்ளு. அய்யோ ஆண்டவரே, இது காரா, தகர டப்பாவா! வயிறு உள்ளே வந்துடுச்சு, நான் இன்னும் வெளியிலதான் நிக்கறேன். சிரிக்காதே.

— நான் சிரிக்கலை.

— ஆமா, சிரிக்கலை. மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது? காய்ச்சலா? இரு, இந்தக் கூடையைப் பின்னால போட்டுடறேன்.

— வேணாம்! மடியில வெச்சுக்கோ. பின்னால... போர்வையெல்லாம் எண்ணெய்.

— சரி, சரி, ஏன் கத்தறே? போ. உங்க அய்யா இன்னிக்காவது வருவாரா?

— எனக்கென்ன தெரியும்.

— வரணும் தம்பி. வரலைன்னா எங்க கதை முடிஞ்சுது. ஆபீசர் நேத்தே சொல்லிட்டார், மேனேஜர் எதிர்ல உக்காந்தா சட்டத்தைக் காட்டி எழுதி வாங்கிடறேன், ஆளே இல்லாம நாற்காலியோடயா பேசறதுன்னு.

— பெரிய மனுசங்க. வேலை இருக்கும்.

— என்ன பெரிய வேலை? பேப்பர் படிக்கறதுதானே? ஊருக்கெல்லாம் சின்னக் கார் வருதாமே, அதைச் சொல்லிச் சொல்லி எங்க செட்டுல சிரிக்கறாங்க. எங்களுக்குக் கார் எதுக்கு? பிள்ளையைப் பெத்துட்டுத் திரும்பி வந்தா என் மெஷின் எனக்கே இருக்கணும், அது போதும். கமலம்மா ஞாபகமிருக்கா? பேரை அடிச்சுடுவாங்கன்னு பயந்து வலி வர்ற வரைக்கும் மெஷின்லயே நின்னாளே. பிள்ளை தங்கிச்சா?

— அதெல்லாம் ஏன் இப்ப பேசறே?

— உன்கிட்டப் பேசாம யார்கிட்டப் பேச? ஏன் தம்பி, இங்கே ஏன் திரும்பறே? இது பிலோமினா கோயில் ரோடு. பெங்களூர் போற வழியாச்சே.

— அந்தப் பக்கம் கூட்டமா இருந்துச்சு.

— ஒரு ஜட்கா கூட இல்லை அங்கே. நிறுத்து வண்டியை. நிறுத்துன்னு சொன்னேன்ல? இப்ப என் முகத்தைப் பாரு. ஜவாப்தாரின்னு மல்லம்மாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன். என் ஒரு வார்த்தைக்கு அத்தனை பேரும் கையை எடுத்தாங்க. நாளைக்கு அவங்க முகத்துல நான் முழிக்க முடியுமா, முடியாதா?

— இந்த வண்டியை எனக்கே தர்றதா சொல்றாங்கக்கா.

— யாரு? எதுக்கு?

— டாக்ஸி ஓட்டிக்கலாமாம். ஸ்டேஷன் வாசல்ல நின்னா ஒருத்தன் முன்னால கையைக் கட்ட வேண்டியதில்லை. எத்தனை வருசமா நினைச்சிட்டிருக்கேன் தெரியுமா?

— நான் கேட்டது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு.

— திருப்பறேன் இரு. கையை உள்ளே வெச்சுக்கோ.

— மெல்லடா! மாட்டு வண்டியில மோதப்போறே! அம்மாடி... தம்பி, சீட்டுல என் முதுகை யாரோ உதைக்கற மாதிரி இருக்கு.

— ரோடு மோசம்.

— ரோடு முதுகுலயா உதைக்கும்? இதோ, மறுபடியும்!

— சின்ன வண்டிக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோ. ஆபீசு தெரியுது பாரு.

— தெரியுது, தெரியுது. ஆபீசர் வாசல்லயே நிக்கறார், பாவம். நாற்காலியோட பேச மனசில்லை போல. நிறுத்து. கையைக் குடு, இறங்கறேன்.

— இறங்காதேக்கா. அப்படியே அழுத்தி உக்காரு. நான் போய் ஆபீசரைக் கையோட கூட்டிட்டு வர்றேன். நீ எழுந்து அந்த சீட்டை மடக்கினாத்தான் பின்னால போர்வைக்குள்ள இருக்கற மேனேஜர் அய்யா வெளிய வர முடியும்.