ஏழு மணிக்கு மேல் தண்ணீர் இல்லை

— அத சொல்லாத ஷாயிஸ்தா. அந்த வார்த்தைய அம்மா முன்னாடி சொல்லாத.

— எந்த வார்த்தை சார்? மூத்திரமா?

— த பாரு! சபீஹாக்கா, நீங்களே கேளுங்க. இருபது வயசு பொண்ணு ஒரு ஆம்பள கோச்சுகிட்ட பேசற பேச்சா இது?

— யூரின் இன்ஃபெக்‌ஷன் சார். இந்த வருஷம் மூணாவது தடவை. டாக்டர் சீட்டுலயே எழுதியிருக்காங்க. நீங்கதான் சைக்கிள் கிளப் குரூப்ல வயித்து வலின்னு போட்டீங்க.

— வேற இன்னா போட சொல்ற? அந்த குரூப்புல பதினெட்டு பசங்க கீறானுங்க.

— உக்காருங்க துளசிங்கம் சார். வந்ததுலேந்து நின்னுகிட்டே இருக்கீங்க. டீ போடட்டுமா?

— வேணாங்க்கா. பாய்கிட்ட பேசலாம்னா அவரு ஷார்ஜாவுல கீறாரு. அதான் உங்ககிட்ட வந்தேன். இந்தாங்க, லெட்டர் ரெடியா கீது. கீழ ஒரு கையெழுத்து போட்டா போதும். அஞ்சு மணிக்குள்ள குடுத்துட்டேன்னா ஞாயித்துக்கெழம ஸ்டேட் செலக்‌ஷன்லேந்து இவ பேர எடுத்துடுவாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

— போடாதம்மா. என் பேர எடுக்க அம்மா கையெழுத்து எதுக்கு சார்? முதாசிர் போன மாசம் கால் உடைஞ்சு பேர எடுத்தான். வாட்ஸப்புல ஒரு வரி அனுப்பினான், முடிஞ்சுது.

— அவன் பையன். பொண்ணுங்களுக்கு வூட்டு கையெழுத்து வேணும். கிளப் ரூல்.

— யாரு போட்ட ரூல்?

— நான் போட்டதுதான். இன்னா இப்போ?

— தண்ணி ரூலும் நீங்க போட்டதுதானே.

— அது என்னடி தண்ணி ரூல்?

— உனக்குத் தெரியாதும்மா. சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குள்ள பேச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பொண்ணுங்க தண்ணி குடிக்கக் கூடாது. காலைல நாலரைக்கு வண்டலூர்ல பிராக்டிஸ் ஆரம்பிப்போம். முடிச்சு வீட்டுக்கு வர பத்து ஆயிடும். அதுவரைக்கும் வாய நனைச்சுக்கலாம், அவ்ளோதான். திரும்பி வந்ததும் கிளப்புல இருக்கற நாங்க நாலு பொண்ணுங்களும் பாட்டில தூக்கிப் புடிச்சுப் பாப்போம். யார் பாட்டில்ல தண்ணி கொறையாம இருக்கோ அவதான் அன்னிக்கு கெத்து. ஆறு மாசம் நான்தான் கெத்து. நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு.

— ஏழுலேந்து பத்து. பதினஞ்சு மணி நேரம்.

— டாக்டர்கிட்ட சொன்னேன்மா. அவங்க எழுதறத நிறுத்திட்டு என்னையே பாத்துகிட்டு இருந்தாங்க.

— நான் ஆசப்பட்டா போட்டேன் அந்த ரூல? கேளுங்க்கா. ரெண்டு வருசம் முன்னாடி, முடிச்சூர் தாண்டி அவுட்டர் ரிங் ரோட்டுல, நம்ம கிளப்பு பொண்ணு தீபலட்சுமி ஓரமா ஒதுங்கிச்சு. லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு. ரெண்டு பேரு எறங்கி செல்போன தூக்கிப் புடிச்சிகினு சிரிக்கிறானுங்க. நான் ஸ்கூட்டர திருப்பிகினு வர்றதுக்குள்ள ஓடிட்டானுங்க. அந்தப் பொண்ணு அன்னிக்கு அழுத அழுகை இன்னும் என் காதுல கீது. எனக்கும் ஒரு பொண்ணு கீது. அன்னிக்குதான் சொன்னேன், இனிமே எந்தப் பொண்ணும் ரோட்டுல ஒதுங்கக் கூடாதுன்னு.

— சிரிச்சது அவனுங்க. தாகமா கெடக்கறது நாங்களா சார்? பசங்க மூணு எடத்துல நிறுத்தறாங்க. நீங்களும்தான். ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு செவுத்த பாத்து நிப்பீங்க. நாங்க நாலு பேரும் அந்தப் பக்கம் திரும்பிகிட்டு போற வர்ற லாரி நம்பர படிச்சுகிட்டு நிப்போம்.

— யம்மா, போதும். மானத்த வாங்காத.

— செல்வமேரி ஏன் கிளப்லேந்து நின்னான்னு தெரியுமா உங்களுக்கு?

— கண்ணாலம் ஆச்சு, நின்னுட்டா.

— கல்யாணமே ஆகல சார். இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறி ஏழு நாள் ஆஸ்பத்திரில கெடந்தா. உங்ககிட்ட சொல்ல வெக்கம். அதனால கல்யாணம்னு சொன்னா. மாப்பிள்ளைக்கு குமரவேல்னு நாங்களே பேர் வெச்சோம்.

— அடிப்பாவிங்களா! குக்கர் வாங்கிக் குடுத்தேனேம்மா!

— அஞ்சு லிட்டர். அவங்க வீட்ல அதுலதான் சோறு ஆக்கறாங்க.

— சிரிக்காத. சிரிக்காதன்றேன்ல. அக்கா, நீங்களும் சிரிக்கிறீங்க பாத்தீங்களா? நான் சொன்னது சரியாப்பூடுச்சா இல்லையா? அவளுக்கும் வந்துச்சு, இவளுக்கும் மூணு தடவ வந்துச்சு. இது சைக்கிள் ஓட்டறதால வர்ற நோவு. பொம்பள ஒடம்புக்கு அந்த சீட்டு ஒத்துக்கல, அவ்ளோதான் மேட்டரு.

— சீட்டு இல்ல சார், நீங்க வெச்ச விதம்தான் ஒத்துக்கல. சீட்டோட முன்பக்க மூக்கு மேல தூக்கிகிட்டு இருந்துச்சு. போன வாரம் நான் கொஞ்சம் எறக்கிட்டேன்.

— என் செட்டிங்க தொட்டியா?

— தொட்டேன். பாதி வலி போச்சு. இன்னொண்ணு, ஷார்ட்ஸுக்குள்ள ஜட்டி போடறத விட்டுட்டேன்.

— ஐயோ! அக்கா, நான் வெளிய நிக்கட்டா?

— நில்லுங்க, ஆனா கேட்டுட்டு நில்லுங்க. பஞ்சு வெச்ச ஷார்ட்ஸுக்கு உள்ள எதுவும் போடக் கூடாது. போட்டா ஒரசும், ஈரம் தங்கும். பசங்களுக்கு மொத நாளே சொல்லிக் குடுத்தீங்க. எங்களுக்கு? டீசன்ட்டா வாங்கம்மான்னீங்க. இதோ, அம்மா ஒண்ணுக்கு ரெண்டா போட்டு அனுப்பினாங்க.

— நல்லதுன்னு நெனச்சேன்டி.

— தெரியும்மா. உன்ன சொல்லல.

— சரி, எல்லாம் என் தப்பாவே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ரோட்டுல மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா, நானா?

— மாத்திரை நேத்தோட முடிஞ்சுது. ஜுரம் போயி நாலு நாள் ஆச்சு. காலைல டெஸ்ட் எடுத்தோம், ஒண்ணும் இல்ல. ஓட்டலாம்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டாங்க. தண்ணி மட்டும் குடிக்கணுமாம். அடக்கி வெக்கக் கூடாதாம்.

— அங்க எங்கம்மா போவ நீ? பசங்க ரேஸு முடிஞ்சப்புறம்தான் உங்களுக்கு. அஞ்சுலேந்து ஒம்பது வரைக்கும் வெட்டவெளி. ஒரு பாத்ரூம் கெடையாது.

— அதத்தான் நடத்தறவங்களுக்கு மெயில் போட்டேன். பொண்ணுங்களுக்கு ஒண்ணு வையுங்கன்னு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைன்னு பதில் வந்துச்சு.

— பாத்தியா?

— இனிமே அப்டி எழுத முடியாதுல்ல? நான் கேட்டுட்டேனே.

— பேஜாரு புடிச்சவளா கீறியே. அவங்கதான்மா செலக்‌ஷன் பண்றவங்க!

— பண்ணட்டும். டைம் கடியாரத்துல தெரியும். நான் ஆறு மணிக்கு ஒரு பாட்டில், எட்டு மணிக்கு ஒரு பாட்டில் குடிப்பேன். பாத்ரூம் வெச்சா அங்க போவேன். வெக்கலன்னா ஸ்டார்ட் லைன் பக்கத்துலயே மூணு பேரு துப்பட்டாவ விரிச்சுப் புடிப்பாங்க. பேசி வெச்சாச்சு.

— மூணு பேரா? தீபலட்சுமியுமா?

— மொதல்ல புடிக்கறேன்னு சொன்னதே தீபாதான்.

— செலக்டருங்க முன்னாடியா!

— அவங்க அந்தப் பக்கம் திரும்பி லாரி நம்பர படிக்கட்டும் சார். அம்மா, நீ ஏதாவது சொல்லேன். இவ்ளோ நேரம் கத்தறேன், பேசாம இருக்க.

— அம்மாக்கு புரியுது, அதான் பேசல. நீங்க போடுங்க்கா. இந்தாங்க பேனா.

— என் கண்ணாடிய எடுடி.

— அம்மா!

— எடுன்னேன்ல.

— இந்தா.

— "எனது மகள் ஷாயிஸ்தாவுக்கு, தொடர்ந்து சைக்கிள் ஓட்டுவதால் பெண்களுக்கு ஏற்படும் உடல்நலக் குறைவு இருப்பதால்…" இது நீங்க எழுதினதா சார்?

— ஆமாங்க்கா. கௌரவமா எழுதிக்கீறேன்ல? அந்த வார்த்தையே வரல பாருங்க.

— சைக்கிள் ஓட்டறதால வர்றது.

— ஆமா.

— விட்டுட்டா போயிடும்.

— மறுநாளே பூடும். எந்தப் பொம்பளைய வேணா கேட்டுப் பாருங்க.

— என்னையே கேளுங்க.

— அக்கா?

— நான் வேல செய்யறது ஜவுளிக்கடைல, நாலாவது மாடி, பட்டு செக்‌ஷன். காலைல ஒம்பதரைக்கு ஏறினா ராத்திரி ஒம்பதரைக்குத்தான் எறங்கறது. எங்களுக்கு பாத்ரூம் கீழ, குடோனுக்குப் பின்னாடி. போகணும்னா கஸ்டமர் முன்னாடி சூப்பர்வைசர்கிட்ட கை தூக்கணும். கை தூக்க வெக்கப்பட்டு நான் தண்ணியே குடிக்கறதில்ல. எங்க செக்‌ஷன்ல ஒருத்தியும் குடிக்கறதில்ல.

— அம்மா, என்கிட்ட ஏன் சொல்லவே இல்ல?

— பதினாலு வருஷமா இதே எரிச்சல், இதே மாத்திரை. சொல்லுங்க துளசிங்கம் சார், நான் எந்த சைக்கிள விடட்டும்?