ஒப்பீட்டு வயல்

நின்றுகொண்டே சொல்கிறேன், ஐயா. நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குக் கால் பரபரக்கும். கடலூரில் உங்கள் போலீஸ் ஆபீஸ் வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததே பெரும்பாடு. எலிகளின் சோதனை முடிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை.

நெல் வயலில் எலியை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் என் ஆராய்ச்சி. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இரண்டு வயல்களை எடுத்துத் திட்டம் போட்டேன். ஒன்றில் எலி பிடிக்கக் கிட்டி வைப்பது, வளை வெட்டுவது, ஆந்தை உட்காரக் கொம்பு நடுவது என்று எல்லாம் செய்வோம். இன்னொன்றில் எதுவுமே செய்யக் கூடாது. அது ஒப்பீட்டு வயல். அது கெட்டால் முதல் வயலில் கிடைத்த பலனை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த வயலைக் கொடுத்தவர் பொன்னுரங்கம்.

நல்ல மனிதர், ஆனால் கை சும்மா இருக்காது. எனக்குத் தெரியாமல் கிட்டி வைப்பார். நான் காலையில் போய்ப் பிடுங்கிப் போடுவேன்.

"கதிர வெட்டிக்கினு போவுது சார், பாத்துக்கினு நிக்க முடியல" என்பார்.

"அறுவடை வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குங்க" என்பேன்.

கதிர் முற்றும் நேரத்தில் அவர் வயல் எலிகளைச் சோதனைக்கு அனுப்பினேன். எலிக்காய்ச்சல் கிருமி இருப்பதாக முடிவு வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலை வைத்தாலே தொற்றிக்கொள்ளும். அவருக்கோ இரண்டு காலிலும் சேற்றுப்புண். சொல்லியிருந்தால் அன்றைக்கே வளைகளை வெட்டித் தள்ளியிருப்பார். ஒரு சாகுபடிப் பட்டம் முழுக்கப் பாழாகியிருக்கும். அறுவடை முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன்.

அதற்குள் அவர் மனைவி இருசம்மாள் போன் செய்தார்.

"ஜுரம் ஜாஸ்தியா இருக்குது சார். கண்ணெல்லாம் மஞ்சளா ஆயிடுச்சி. காமாலைன்றாங்க. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கட்டா, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவட்டா?"

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள். காரணம் தெரிந்தால் எலியை ஒழிக்க வயலுக்கு ஆள் வரும். "கீழாநெல்லியே போதும்மா" என்றேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் மாலை போட்டேன், அழுதேன். அங்கே இருப்புக்கொள்ளாமல் வயலுக்குத் திரும்பிவிட்டேன். அறுவடை நல்லபடியாக முடிந்தது. அவரைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு பட்டத்துப் பலனை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இருசம்மாளிடம் போய்க் கேட்டேன். "அவுரு ஒத்துக்கினு செஞ்ச வேலை சார்" என்று அதே வயலைக் கொடுத்தார். இப்போது அவரே சேற்றில் இறங்கிக் களை எடுக்கிறார். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவரிடம் மட்டும் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம், ஐயா. அறுவடை முடியட்டும்.