லொறிக்கு அடியில்

ஷிரானி: கராஜுக்குக் கொண்டு போங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன்... கேட்டீங்களா?

றெக்சன்: பேசாம ஜாக்க ஏத்து.

ஷிரானி: ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன். என்னா கனம் இது! ஆட்டுக்கல்லு மாதிரி...

றெக்சன்: டிஃபரன்சல்னா சும்மாவா? பின்சில்லு ரெண்டையும் சுத்துறதே இதுதான். மெதுவா... மெதுவா! கை போயிரும்டி!

ஷிரானி: மாதாவே! கத்தாதீங்க, உக்குவளை டவுனுக்கே கேக்குது.

றெக்சன்: கேக்கட்டும். ஒந்தம்பி ஒடச்ச சாமானுக்கு நான் மண்ணுல படுத்துக் கெடக்குறேன்...

ஷிரானி: ஆரம்பிச்சிட்டீங்களா?

றெக்சன்: பின்ன? எல்கடுவயில, தேயிலக் கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கிட்டயே டிஃபரன்சல் பல்லெல்லாம் நொறுக்கி லொறிய நிப்பாட்டினது யாரு? நானா?

ஷிரானி: கிறிஷாந்த் நம்ம லொறிய ஏழு வருஷமா ஓட்டுறான். ஒரு கீறல் விழுந்திருக்கா?

றெக்சன்: எல்லாத்துக்கும் சேத்து ஒரே நாள்ல வெச்சிட்டான்ல.

ஷிரானி: அதுக்கு? கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைங்க அத்தன பேரு முன்னால கன்னத்துல அறையிறதா? அங்க நின்ன வேலம்மா அக்கா சொல்லும்போது எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு.

றெக்சன்: ஏன் ஒடஞ்சிச்சுன்னு எத்தன தடவ கேட்டேன்! வாயில கொழுக்கட்டையா அவனுக்கு?

ஷிரானி: ஏன் பேசாம நின்னான்னு யோசிச்சீங்களா?

றெக்சன்: தப்பு அவன் மேல. வேற என்ன... ஏத்து! இன்னும் கொஞ்சம். ஆங்... ஒக்காந்துடுச்சி. ஸ்பேனரக் குடு.

ஷிரானி: இந்தாங்க. கராஜ்ல லொறி திருத்துற அன்ஸார் பாஸ் வீட்டுக்கே வந்து செஞ்சு தாறேன்னாரு. ஏன் வெரட்டுனீங்க?

றெக்சன்: என் லொறி. எனக்குத் தெரியாதா?

ஷிரானி: பழசக் கழட்டுறப்ப என்னையும் கிட்ட வர விடல. சாக்குல சுத்தி ஒளிச்சு வெச்சிருக்கீங்க.

றெக்சன்: நட்டெல்லாம் முடுக்கியாச்சு. அச்சு ரெண்டையும் உள்ள தள்ளியாச்சு. எண்ணெய் கேனக் குடு.

ஷிரானி: தரமாட்டேன்.

றெக்சன்: ஷிரானி!

ஷிரானி: கத்துனா பயந்திருவேனா? சாக்க அவுத்துப் பாத்தேன். பல்லெல்லாம் வெந்து நீலம் பாரிச்சுக் கெடக்கு. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. கடைசியா எண்ணெய் மாத்துனது யாரு?

றெக்சன்: நீ என்ன பாஸா?

ஷிரானி: யாருன்னு கேட்டேன்.

றெக்சன்: ...நான்தான்.

ஷிரானி: அப்புறம்?

றெக்சன்: மாத்திக்கிட்டு இருக்கும்போதே கொழுந்து ஏத்த வரச்சொல்லி போன் வந்துச்சு. அவசரத்துல அடி நட்டக் கையால முடுக்கினேன்... ஸ்பேனர் போட மறந்துட்டேன். வழியில கழண்டு விழுந்து எண்ணெய் பூரா ஓடிருச்சு. போதுமா?

ஷிரானி: எப்பத் தெரியும்?

றெக்சன்: அவன அடிச்சு வெரட்டின பொறகு குனிஞ்சு பாத்தேன்... நட்டு இருந்த எடம் ஓட்டையா இருந்துச்சு. அன்ஸார் தொறந்தா ஊருக்கே சொல்லிருவாரு. அதான் நானே...

ஷிரானி: மூணு வாரமா அவன் தோட்டத்துல புல்லு வெட்டுறான்.

றெக்சன்: தெரியும்டி! எனக்கு மட்டும் சோறு எறங்குதா? இந்த ஒரு தடவ விட்டுரு. அவன்கிட்ட மட்டும் சொல்லிராத.

ஷிரானி: அவனுக்கு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும். லொறி நின்ன ஒடனே அடியில பூந்து பாத்துட்டு எனக்குத்தான் போன் பண்ணினான். “அத்தான் நட்ட முடுக்காம விட்டுட்டாரு அக்கா, வந்து கேட்டா என்ன சொல்ல?”ன்னான். அத்தன பேரு முன்னால ஒங்க மானம் போயிரும்னு, வாயத் தொறக்காதன்னு சொன்னது நான். எம்பேச்சக் கேட்டுத்தான் அவன் அடி வாங்கிட்டு நின்னான். நாளைக்குக் கொழுந்து நிறுக்குற நேரத்துக்கு ரெண்டு பேரும் அந்த மடுவத்துக்குப் போறோம். மொதல்ல நான் சொல்றேன். அப்புறம் நீங்க.