குருவிகளுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும்

குருவிகளுக்கும் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நாலு தானியத்தைத் தூவிவிட்டு, பெரிய தர்மம் செய்ததுபோல் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். முட்டையிடும் நாட்களில் பெட்டைக்கு அந்தச் சத்து கிடைக்காவிட்டால் ஓடு காகிதம் மாதிரி ஆகிவிடும். அடைகாக்க உட்கார்ந்ததுமே உடைந்துவிடும். எங்கள் தோட்டத்துக் கூட்டுப்பெட்டியில் அப்படி மூன்று முட்டைகள் உடைந்து கிடந்ததை நானே பார்த்தேன்.

கோழிமுட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து வைத்தால் போதும். ஆனால் அக்காவுக்கு முட்டை வாடையே ஆகாது. கேட்டுப் பார்த்தேன்.

"குருவிக்குப் பார்க்கிறதுல பாதி எனக்குப் பார்த்திருப்பியா நீ?" என்றாள்.

சிரிப்பு வந்தது. அவள் பிரசவத்துக்குப் பத்து நாள் ஒத்தாசையாக இருக்கத்தான் என்னை வரவழைத்தாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பிறந்த பெண் வளர்ந்து, கல்யாணமாகி, வெளிநாடும் போய்விட்டாள். எனக்கு மட்டும் அந்தப் பத்து நாள் முடியவில்லை. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், இவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுதே திருப்பி அனுப்பினாள் அக்கா. அதை நினைத்தால் இன்னும் வயிறெரிகிறது.

அக்காவுக்கு எலும்பு தேய்மானம். டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். பெரிய மாத்திரை, தொண்டையில் இறங்காது. தினமும் நான்தான் பொடித்துப் பாலில் கலக்கிக் கொடுப்பேன். ஒருநாள் பொடியும் கையுமாக நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே பெட்டைக் குருவி சுவர்க் காரையைக் கொத்திக்கொண்டிருந்தது. பாவமாக இருந்தது. பொடியை அதற்கு வைத்தேன். அன்று முதல் அக்காவின் பாலில் மைதா கலந்தேன், சர்க்கரையும் கொஞ்சம் தாராளமாக.

இப்போதுதான் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

நாலு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு இன்னும் மோசமாகியிருந்தது. விழுந்தால் இடுப்பு நொறுங்கிவிடும், பிடித்துக்கொள்ளாமல் நடக்க விடாதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஒரு மாத்திரையை இரண்டாக்கினார். எனக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. அதற்குள் வேலியோரம் இன்னொரு ஜோடி கூடு கட்டியிருந்தது.

மகள் ஊரிலிருந்து வரும்போது வாசல்வரை தன் காலால் நடந்துபோய் அழைத்துவர வேண்டும் என்பதுதான் அக்காவின் ஒரே ஆசை. டாக்டர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று துளைத்தெடுத்தாள். அன்று வாசலில் கார் வந்து நின்றதும் சொன்னேன்.

"எலும்பு கெட்டியாயிடுச்சாம்க்கா. இனிமே நான் பிடிக்க வேண்டாமாம். நீயே போ."

பாதிக் கூடம்வரை நன்றாகத்தான் நடந்தாள். மகள் பெட்டியை இறக்குவதற்குள் விழுந்துவிட்டாள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடினாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் அவள்மேல் இருந்த கோபத்தில் செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். வாயில்லா ஜீவனுக்காகச் செய்தேன்.

குருவிகளுக்கென்று தனியாக ஒரு டப்பா மாத்திரை வாங்கியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். வாங்கியிருக்கலாம். தெருமுனை மருந்துக் கடையில் சீட்டுக்கூடக் கேட்க மாட்டார்கள். தினமும் அந்த வழியாகத்தான் போய்வருவேன். எனக்கு அது தோன்றவே இல்லை.