பாகீரதியின் பல் கம்பி

— அசையாதே மக்களே! கம்பி முனை உதட்டுக்குள்ள ஏறி நிக்குது. தலையை ஆட்டினா கிழிஞ்சு போகும். அம்மா, நீங்க முதல்ல பிள்ளை கையை விடுங்க.

— விட்டா எழுந்து ஓடிடுவா டாக்டர். வலியசாலையிலேந்து இந்தப் பழவங்காடி வரைக்கும் பிடிச்ச பிடி விடாமக் கொண்டுவந்திருக்கேன்.

— எங்கிட்டேந்து ஓடமாட்டா. என்ன பாகீரதி, ஓடுவியா?

— ம்ஹூம்.

— கேட்டீங்களா? இன்னும் கொஞ்சம் திற. இன்னும்... இந்தா, வந்தாச்சு. துப்பு. பயப்படாதே, இவ்வளவுதான் ரத்தம். இப்ப சொல்லு. இந்த வேதமாணிக்கம் போட்ட கம்பி தானா முறியாது. யாரு கை வச்சது?

— முறுக்கு கடிச்சேன் டாக்டர்.

— முறுக்கு கடிச்சா கம்பி வளையும், பிள்ளே. இது ரெண்டு பக்கமும் நசுங்கி, நடுவில வெட்டுப்பட்டிருக்கு. பாக்குவெட்டி! பாக்குவெட்டியை வாயில விட்டது யாரு?

— நான்தான்.

— அம்மா, நீங்களா?

— நானேதான் டாக்டர். எனக்காகப் பொய் சொல்றா அசடு. முறுக்கைக் கண்ணால பாத்தே ஒண்ணரை வருஷமாச்சு அவ. ஒரு இடத்துலதான் அறுந்தது, மீதி எனக்கு வரலை. நீங்க எடுத்துடுங்கோ. இன்னிக்கே. இப்பவே.

— எடுக்கதா? என்ன பேச்சு பேசுதீங்க? மாசம் ஒரு தரம் இந்த நாற்காலில உக்காந்து, பல்லைக் கடிச்சு வலி பொறுத்து, முன்னால தூக்கி நின்ன நாலு பல்லும் முக்காலும் உள்ள வந்தாச்சு. இன்னும் ஆறே மாசம். பாதியில எடுத்தா பல்லு சும்மா நிக்காது. வந்த வழியே திரும்பும். முந்தினதை விடக் கோணலாகும். ஆட்டம் கண்டாலும் காணும்.

— காணட்டும்.

— அம்மா, வேண்டாம்மா! நான் என்ன தப்பு பண்ணினேன்? தேய்க்கறது போறலைன்னா நாளைலேந்து இன்னும் ரெண்டு தரம் ஜாஸ்தி தேய்க்கறேன். சத்தியமாத் தேய்க்கறேன்.

— நீ சும்மா இரு பாகீ. டாக்டர், இவ பல்லை சுத்தமாவே வெச்சுக்கறதில்லை. சாதம் போய் அடைஞ்சுக்கறது. ஈறு அழுகறது. கிட்ட வந்தா நாத்தம். அதுக்காக்கும் எடுக்கச் சொல்றேன்.

— அப்படியா? அழுகுதா இல்லையான்னு நான்தானே பாக்கணும். திற மக்களே. வெளிச்சத்துப் பக்கம் திரும்பு. ம்... அந்தக் கடவாய்... ம்... அம்மா, இங்க வந்து நீங்களே பாருங்க.

— நான் என்னத்தைப் பாக்கறது.

— பாக்கணும். ஈறு பாருங்க, மாதளம் முத்து மாதிரி இருக்கு. வளையத்துக்கு அடியில ஒரு பருக்கை கிடையாது. இந்த ஊர்ல இன்னும் ரெண்டு பேருக்குக் கம்பி போட்டிருக்கேன், ரெண்டு பேரும் பெரிய உத்தியோகஸ்தர் வீட்டுப் பையன்கள். அவனுக வாயைத் திறந்தா நான் மூக்கைப் பொத்திக்கிட்டுதான் கிட்டப் போவேன். இது வாயா? கழுவிக் கவுத்தின வெங்கலப் பானையில்லா! எப்படிப் பிள்ளே செய்தே? நான் குடுத்த பிரஷ் நல்லா உழைச்சிருக்கு போலிருக்கே.

— பிரஷ் இல்லை டாக்டர். அதை அம்மா அன்னிக்கே குப்பைக்குழில போட்டுட்டா.

— என்னத்துக்கு?

— என்னத்துக்கா? பன்னி மயிராச்சே அது! ஆரியசாலைக் கடைக்காரன் பறஞ்சுதான் எனக்கே தெரியும். அதை வாயில வெச்சுண்டு எப்படி அவ பூஜை உள்ளில ஏறுவா? நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே டாக்டர்.

— சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?

— மாட்டேன்.

— அதான் சொல்லல்ல. சரி, பிரஷ் போச்சு. பின்னே எதை வச்சுத் தேய்ச்சே?

— ஆலம் விழுது டாக்டர். நுனியைக் கல்லுல வெச்சு நசுக்கி, ராத்திரி ஜலத்துல போட்டா காலம்பற பஞ்சு மாதிரி ஆயிடும். அதுதான் மேல் பக்கத்துக்கு. கம்பிக்கு அடியில விழுது போகாதே, அங்கே வாழைநார்.

— வாழைநாரா?

— பிச்சி தொடுக்கற நார்தான். மெல்லிசாக் கிழிச்சு, ஊறவெச்சு, கம்பிக்குக் கீழே விட்டு இப்படி, இப்படி இழுப்பேன். ஒரு பல்லுக்கு ஒரு நார். அப்புறம் உப்புப் போட்ட வெந்நீர். காலம்பற, சாப்பிட்டு, மத்தியானம் ஏதாவது கொறிச்சா அப்போ, ராத்திரி.

— யாரு சொல்லித் தந்தா?

— யாருமில்லை. பூ தொடுக்கறச்சே தோணித்து.

— கல்கத்தாவில என் வாத்தியாருக்கு இது தோணல்லியே! அடுத்து வாற ஆளுக்கெல்லாம் நான் நார்தான் குடுக்கப் போறேன். அம்மா, இந்த வாயையா அழுகுதுன்னு சொன்னீங்க?

— உமிக்கரி போய் அடையறதே...

— உமிக்கரியை நிறுத்தித்தான் எத்தனையோ நாளாச்சேம்மா. டாக்டர் அது கம்பியை அரிக்கும்னார், அன்னிலேந்து தொடலை.

— ஏகாதசி, அமாவாசை, சஷ்டி, நவமி... இந்தத் திதியிலெல்லாம் எங்காத்துல பல் தேய்க்கப்படாது டாக்டர். பன்னண்டு தரம் கொப்பளிக்கறதோட மதி, அவ்வளவுதான். மாசத்துல பாதி நாள் இப்படிப் போனா, கம்பி போட்ட பல் என்னத்துக்காகும்?

— கொப்பளிக்கட்டும். நார் விடுகதுக்குத் திதி உண்டுன்னு உங்க சாஸ்திரத்தில இருக்கா?

— ...இல்லை.

— பின்னே?

— ஒண்ணும் திங்கறதில்லை இவ. சீடை கிடையாது, கரும்பு கிடையாது, ஓணத்துக்கு சக்கவரட்டி பண்ணினா அந்தப் பக்கமே வரலை. இளைச்சுப் போயிட்டா.

— நேக்கு வேண்டாம்னுதானேம்மா திங்கலை. டாக்டர், நீங்க சொல்லுங்கோ அம்மாகிட்ட. அவர் ஆனி மாசம் லீவுல வரார். அதுக்குள்ள கம்பி கழண்டுடுமோல்லியோ?

— யாரு, மாப்பிள்ளையா? பம்பாய்லதானே உத்தியோகம்?

— ஆமாம். செவ்வாய்க்கிழமைகூடக் கடுதாசி வந்துது. 'இந்தத் தடவை நான் வரச்சே கையால வாயைப் பொத்திண்டு சிரிக்கப்படாது'ன்னு எழுதியிருக்கார். நான் சின்ன வயசுலேந்து பொத்திண்டுதான் சிரிப்பேன் டாக்டர். பள்ளிக்கூடத்துல என்னை எல்லாரும் 'சிரவை, சிரவை'ம்பா.

— சிரவையா! தேங்காய் துருவுகது! பொல்லாத பிள்ளைங்க. சரி, மாப்பிள்ளைக்குப் பேரு என்ன? நல்ல மனுஷனாத் தெரியுது.

— போங்கோ டாக்டர். நான் சொல்லப்படாது.

— ஏன்?

— சொன்னா அவருக்கு ஆயுசு குறையும்.

— பாகீ! மதி உன் கதை. பல்லைப் பாக்க வந்தா பல்லைக் காட்டு.

— பாத்தேளா டாக்டர்? ஒரு வாரமா அம்மா இப்படித்தான். எதைச் சொன்னாலும் சள்ளுனு விழறா. வாசல்ல நிக்கப்படாது, கிணத்தடியில யாரோடயும் பேசப்படாது. எதுத்தாத்து சரோஜம் வந்தா, எனக்கு ஜுரம்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டா. ஜுரமே இல்லை. இன்னிக்கு என்னடான்னா பாக்குவெட்டியைத் தூக்கிண்டு வரா.

— ம். பாகீரதி, பின்கட்டில தொட்டிப் பக்கத்தில வெந்நீர் இருக்கு. ஒரு கைப்பிடி உப்புப் போட்டு முப்பது தரம் கொப்பளிச்சுட்டு வா. உதட்டுக் காயத்துக்கு நல்லது. எண்ணிக் கொப்பளிக்கணும், கேட்டியா?

— கம்பியை எடுத்துடமாட்டேளே?

— போ மக்களே.

— சொல்லுங்கோ டாக்டர்.

— முதல்ல போ. கொப்பளி.

— ...

— போயிட்டா. இப்ப என் முகத்தைப் பாத்துப் பேசுங்க. இந்தப் பிள்ளை வாயை மாதிரி ஒரு வாயை நான் கண்டதில்லை. கம்பியை எடுக்க வைத்தியத்தில ஒரு காரணமும் கிடையாது. நான் எடுக்கமாட்டேன்.

— எடுத்தே ஆகணும்.

— ஏன்?

— கேக்காதேங்கோ.

— கேக்காம எப்படி? சரி, ஒரு வழி சொல்லுதேன். அறுந்த கம்பியை மட்டும் எடுத்துடுதேன். பல்லில மாட்டின வளையம் அப்படியே இருக்கட்டும். உங்க கோவம் தணிஞ்ச பிறகு புதுக் கம்பி போட்டுக்கிடலாம்.

— வளையமும் வரணும். ஒரு பொடிகூட உள்ளே நிக்கப்படாது.

— திங்கக்கிழமை வாங்க.

— திங்கக்கிழமை ஆகாது. நாளைக்கும் ஆகாது. இன்னிக்கு எடுத்தாத்தான் நாளைக்குள்ள வீக்கம் வடியும்.

— வீக்கம் வடிஞ்சு எங்க போகணும்? கல்யாணத்துக்கா? அம்மா, வாய் விட்டுக் கேக்குதேன், கோவிக்காதீங்க. எட்டுப் பல்லில தங்க வளையம். சுத்தி ஓடுகது தங்கக் கம்பி. வீட்டில ஏதும் முடையா? தங்கத்துக்காகவா பிள்ளை வாயில பாக்குவெட்டியை விட்டீங்க?

— ஆமாம்னே வெச்சுக்கோங்கோ.

— சீ! பெத்த தாயா நீங்க?

— என்ன வேணும்னாலும் சொல்லுங்கோ. எடுத்துட்டு, அந்தத் தங்கத்தை நீங்களே வெச்சுக்கோங்கோ. குப்பையில கொட்டுங்கோ. என் கையில தராதேங்கோ. என் கண்ணுலயே காட்டாதேங்கோ.

— ...தங்கம் வேண்டாமா? பின்னே இது என்ன கூத்து? இவ அப்பாவுக்குத் தெரியுமா? அவரைக் கூட்டிட்டு வாங்க. அவரு சொல்லட்டும்.

— அவர் பாயிலேந்து எழுந்து நாலு நாளாச்சு. சுவரைப் பாத்துண்டு படுத்திருக்கார். நான் சொல்றதுதான் எங்காத்துல இப்போ எல்லாம். என்னாலயும் ஒண்ணும் முடியலை. கம்பியைப் பாக்குவெட்டியில பிடிச்சேன். அவ கண்ணை மூடிண்டு, 'மெதுவாம்மா'ன்னாள். அதோட என் கை ஓஞ்சு போச்சு டாக்டர்.

— சம்பந்தி வீட்டில ஏதும் சொன்னாங்களா? வாயில உலோகம் வச்சுக்கிட்டுச் சமைக்கக்கூடாது, பரிமாறக்கூடாது, அப்படி ஏதாவது?

— அவா ஒண்ணும் சொல்லலை. சொல்ற நிலைமையில அவாளும் இல்லை. டாக்டர், எவ்வளவு நேரம் ஆகும்?

— எதுக்கு?

— எல்லாம் எடுக்க.

— ஒரு மணி நேரம். வளையத்தை ஒட்டின சிமிட்டியைச் சுரண்டணும், உடைக்கணும். வலிக்கும்.

— வலி தெரியாம இருக்க மருந்து உண்டோ?

— உண்டு. ஊசி.

— அதைப் போடுங்கோ. தாராளமாப் போடுங்கோ. எடுத்தப்புறம் அவ கேட்டா, நீங்கதான் சொல்லணும், பல்லுக்குக் கெடுதல்னு. அவ உங்களை நம்புவா. என்னை இப்போ நம்பமாட்டா.

— பொய் சொல்லச் சொல்லுதீங்களா? பல்லை நல்லா வச்சுக்கிட்ட பிள்ளைகிட்டப் போய், நீ கெடுத்துட்டேன்னா?

— நீங்க பொய் சொல்லுங்கோ, இல்லை நான் சொல்றேன். எப்படியும் நாளன்னிக்கு வரைக்கும்தான் அந்தப் பொய்க்கு ஆயுசு.

— நாளன்னிக்கு என்ன?

— டாக்டர்! முப்பது ஆச்சு! உள்ளே வரட்டுமா?

— இன்னும் ஒரு முப்பது, மக்களே! ...அம்மா, காரணம் தெரியாம இந்தக் கம்பிக் கொறட்டை நான் கையில எடுக்கமாட்டேன். ஆணையாச் சொல்லுதேன். நாளன்னிக்கு என்ன?

— மெதுவா டாக்டர், அவ காதுல விழும். பம்பாய்லேந்து தந்தி வந்து இன்னிக்கு எட்டாம் நாள், அவளுக்கு இன்னும் யாரும் சொல்லலை. நாளன்னிக்குப் பத்தாம் நாள் காரியம், அன்னிக்கு அவ மேல பொட்டுத் தங்கம் மிச்சம் இருந்தா, அதை எடுக்க வர்ற கை உங்க கை மாதிரி இருக்காது.